தோழி கூற்று

ராணி மேரிக் கல்லூரியில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் படித்தும், அவள் குரலை நான் சரியாகக் கேட்டது 2003 ஏப்ரலில்தான். முதுகலைத் தமிழ், கடைசி வருஷம். கடைசி பெஞ்ச்சில் உட்கார்ந்து வருகைப்பதிவுக்கு மட்டும் வாய் திறக்கிறவள் அவள். 1914-இல் தொடங்கிய, இந்த நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரியை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொல்லியிருந்தது. நாங்கள் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். இரண்டாம் நாளே எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. யாராவது முழக்கம் போட வேண்டுமே என்று தேடியபோது இவள் எழுந்தாள். ஒலிபெருக்கி இல்லை. எதிரே கடல் காற்று வேறு. அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் உடையாமல் போனது. கல்லூரியை இடிக்கும் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. அவள் குரலை மட்டும் யாரும் கைவிட முடியாது என்று எங்களுக்குத் தோன்றியது.

அதே காமராசர் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் வானொலி நிலையம். "நீ அங்க போய் வேலை கேளுடி" என்று அவளைக் கிண்டல் செய்வோம். எங்கள் தலைமுறைக்கு வானொலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பெண் தன் பெயரைத் தானே சொல்வது. காலையில் அம்மா தோசை வார்க்கும்போது டெல்லியிலிருந்து வரும்: ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி. வீட்டில் எந்தப் பெண்ணும் தன் பெயரை அப்படி நிறுத்தி, நிதானமாக, ஒரு வேலையோடு சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவைக் கேட்டால் "இன்னார் வீட்டம்மா" என்பாள்.

1977 ஜூலை 23-இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது இந்தச் சென்னையில்தான். ஆனால் பண்பலை என்ற சொல் ஆட்டோவுக்குள்ளும் டீக்கடைக்குள்ளும் வந்தது 2003-இல், தனியார் நிலையங்கள் திறந்த பிறகு. என் தோழி அப்படி ஒரு நிலையத்தில் சேர்ந்தாள். முதல் நாளே அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். "உங்க பேரு பழசா இருக்கு மேடம், கேட்கிறவங்களுக்கு ஜில்லுனு இருக்கணும்." இரண்டு அசை, முடிவில் ஒரு இகரம். அந்தப் பெயரில் அவள் இரவு பத்து முதல் ஒரு மணி வரை பேசினாள்.

அந்த இருவரின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள். அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்திருக்கிறது. பெயரைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பெயர் இல்லாமல் எழுதுவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே மரபு அதுதான்.

இரவு நிகழ்ச்சி என்றால் என்ன என்று அவள் தங்கியிருந்த தி. நகர் பெண்கள் விடுதியில் விளக்க வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். நிலையத்தின் முத்திரையோடு கடிதம் கொண்டுவந்து கொடுத்தும் வார்டன் அம்மா ஒவ்வொரு மாதமும் ஒரு தடவை கேட்பார், "ராத்திரி ஒரு மணிக்கு வர்ற அப்படி என்ன வேலைம்மா?" நிலையத்தில் அவளுக்குக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று: குரலில் சிரிப்பு இருக்க வேண்டும். தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆகவே உலகத்தில் என்ன நடந்தாலும் சிரித்துக்கொண்டு அரட்டை அடிக்க வேண்டும். சுனாமிக்கு மறுவாரம்கூடச் சிரித்தேன்டி என்று ஒருமுறை சொன்னாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

தொலைபேசியில் அழைக்கிறவர்களில் பாதிப் பேர் பாட்டு கேட்க மாட்டார்கள். சாப்பிட்டியா, என்ன கலர் உடுத்தியிருக்க என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் பி.பி.சி. ரேடியோ 1-இல் 1970-இல் சேர்ந்த முதல் பெண் தொகுப்பாளர் ஆனி நைட்டிங்கேல். அதற்கு முன்னால் அங்கே பெண்கள் வேண்டாம் என்று சொன்ன காரணத்தை அவர் பிறகு பல முறை சொல்லியிருக்கிறார்: தொகுப்பாளர்கள் வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கணவனுக்குப் பதிலாக இருப்பவர்களாம், அந்த இடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்றார்களாம். அவருக்குப் பிறகு இன்னொரு பெண் அங்கே வர 12 வருஷம் ஆனது. சென்னையில் நேர்மாறு. பெண் குரல் தாராளமாக வேண்டும். மனைவிக்குப் பதிலாக.

இந்த நிலையத்துக்குத்தான் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க அவள் வந்தாள், பேஸ் கிட்டார் வாசிக்கிற பெண். எங்களைவிட ஐந்து வயது சின்னவள். அடையாறு, கஸ்தூரிபா நகர். சின்ன வயதில் மயிலாப்பூருக்கு வீணை வகுப்புக்குப் போய்த் தழும்பேறிய விரல்கள். இப்போது மூன்று பையன்களோடு ஒரு ராக் குழு. மொட்டை மாடி அறையில் ஒத்திகை. ஜன்னலுக்கெல்லாம் பழைய மெத்தை அடித்திருப்பார்கள். கல்லூரி விழாக்களில் அந்தக் குழு மேடையேறும்போது அறிவிப்பாளர் மற்ற மூவரையும் வாத்தியத்தோடு அறிமுகப்படுத்துவார். இவளை "நம்ம கேர்ள்" என்பார்.

மேடையில் அவர்கள் வாசித்தது ஆங்கிலப் பாட்டுகள். மாடி அறையில் அவள் எழுதியது தமிழில். ஒரு பாட்டு, 29சி பேருந்தில் சேஃப்டி பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பற்றியது. இன்னொன்று, பொங்கல் அன்று தீட்டு என்று பின்கட்டில் உட்கார்ந்திருந்த பாட்டியைப் பற்றி. மெட்டு இனிமையாக இருக்காது. கிட்டார் ஒலியைத் தேய்த்துக் கரகரக்க வைத்திருப்பாள். அதன் அடியில் பேஸ், யாரோ பக்கத்து வீட்டில் அம்மி அரைப்பதுபோல் போய்க்கொண்டேயிருக்கும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. என் தோழி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை.

அப்படித்தான் அவர்கள் நட்பு தொடங்கியது. இரவு ஒரு மணிக்கு வேலை முடிந்து, அலுவலக வண்டியில் விடுதிக்குப் போய், ஆறு மணிக்கே எழுந்து எலியட்ஸ் கடற்கரைக்குப் போவாள். இவள் அங்கே வந்திருப்பாள். ஆளுக்கொரு காதில் ஒரு இயர்போன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நானும் சேர்வேன். அவர்கள் பேச்சு எனக்குப் பாதி புரியாது. ஒரு பாட்டில் எந்த நொடியில் டிரம்ஸ் நிற்கிறது என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள். கணவனைப் பற்றி, மாமியாரைப் பற்றி, காதலனைப் பற்றி இல்லாமல் இரண்டு பெண்கள் அவ்வளவு நேரம் கோபமாகப் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

மாற்று ராக் என்ற இசையே வானொலியால் வளர்ந்தது என்பதை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். 1980-களில் அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் சீண்டாத குழுக்களைக் கல்லூரி வானொலிகள் போட்டன. மாணவர்களே பாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தில் ஜான் பீல். ரேடியோ 1 தொடங்கிய 1967 முதல், 2004 அக்டோபரில் பெரு நாட்டில் இறக்கும்வரை, அவர் தனக்குப் பிடித்ததை மட்டும் ஒலிபரப்பினார். இசைத்தட்டுகளை வானொலியில் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் போடலாம் என்று அங்கே அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மீதி நேரத்தை நிரப்பக் குழுக்களை நேரில் வரவழைத்துப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் நான்கு பாட்டு. வாத்தியக்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்ற வந்த விதி, தட்டே வெளியிடாத குழுக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 4,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் அப்படி நடந்தன.

அதில் ஒன்று 1991-இல் டார்செட்டிலிருந்து வந்த பி.ஜே. ஹார்வி என்ற பெண்ணுடையது. அவருடைய முதல் பாட்டைக் கேட்டுவிட்டு பீல் பத்திரிகையில் எழுதியது முழுப் பாராட்டு இல்லை. மதிக்கத்தக்கது, ஆனால் எப்போதும் இன்பம் தருவதில்லை என்கிற தொனி. அந்த இருவருக்கும் இடையில் 13 வருஷம் ஒரு தோழமை இருந்தது. பீல் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 2006-இல், அவரிடம் பாடியவற்றிலிருந்து ஹார்வி ஒரு தொகுப்பை வெளியிட்டார். அது வந்த மாதம் எலியட்ஸ் கடற்கரையில் எங்கள் காதுகளில் ஓடியது அதுதான்.

பீலைக் கும்பிட எனக்கு மனமில்லை. 1965-இல் அமெரிக்காவில் அவர் மணந்த பெண்ணுக்கு வயது 15. அந்தச் சிறுமியின் பெயரை இசை வரலாற்றில் யாரும் தேடுவதில்லை. இதை நான் சொன்னபோது பேஸ் கிட்டார்க்காரி கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். "தெரியும்கா. அதுக்காக அந்த மைக்கை வேண்டாம்னு சொல்ல முடியல. அது அக்கா கையில இருந்தா எப்படியிருக்கும்னுதான் யோசிக்கிறேன்" என்றாள்.

மைக் அக்கா கையில்தான் இருந்தது. பாட்டு இல்லை. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்று கணினி சொல்லும். அவள் இடையில் பேசுவாள். அந்த வருஷம் குழு நான்கு பாட்டைப் பதிவு செய்து ஒரு சி.டி.யில் ஏற்றியது. அவள் அதை என் தோழியிடம் கொடுக்கும்போது, "வீட்ல கேளுங்கக்கா" என்றுதான் சொன்னாள். நிலையத்தில் போடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்காததுதான் இவளைக் குடைந்தது.

நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் கொண்டுபோனாள். அவர் கெட்டவர் இல்லை. முழுப் பாட்டையும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பிறகு கணினியில் பாட்டைப் பதிவேற்றும் பக்கத்தைத் திறந்து, விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு கேட்டார், "எந்தப் படம்?"

படம் இல்லை என்றாள்.

"படம் பேர் போடாம இது உள்ள போகாதும்மா."

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பொதுச் சொத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் அதற்குள் ஒரு கட்டம் போட்டுவைத்திருந்தார்கள். சினிமாவில் ஒரு கதாநாயகன் வாயசைக்காத, ஒரு கதாநாயகி ஓடாத தமிழ்ப் பாட்டு என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

அந்த வருஷங்களில் நான் சங்க அகப்பாடல்களில் தோழியைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குறுந்தொகையின் 401 பாட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தோழி கூற்று. தலைவனை வழிமறித்துக் கேள்வி கேட்கிறவள் அவள். செவிலியிடம் உண்மையைப் பக்குவமாக உடைக்கிறவள் அவள். தலைவிக்குச் சொல் வராதபோது சொல் ஆகிறவள். ஆனால் அவளுக்கென்று ஒரு காதல் இல்லை, ஒரு பிரிவு இல்லை, ஒரு பாட்டு இல்லை. என் தோழி ஒரு வானொலித் தொகுப்பாளர் என்பது அப்போது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. பாட்டுக்கும் கேட்பவருக்கும் நடுவில் நின்று பேசுகிறவள், தனக்கென்று எதுவும் கேட்காதவள். ஆய்வேட்டில் தோழியின் தன்னலமின்மை என்று ஒரு இயலுக்கே தலைப்பு வைத்தேன். நெறியாளர் பாராட்டினார்.

ஆண்களுடைய நட்பை நம் மரபு இப்படி எழுதவில்லை. உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிராந்தையார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்து உயிர்விடும்போது நண்பனுக்கு ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான், அவரும் வந்து சேர்ந்தார். முகம் பார்க்காத அந்த நட்பு, வானொலி நட்பு மாதிரிதான். அதில் யார் யாருக்குத் தோழன் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறது. இரண்டு பேருமே புலவர்கள். பெண்ணும் பெண்ணும் என்றால் மட்டும் ஒருத்தி தலைவி, இன்னொருத்தி அவளுக்காக.

2007-இல் ஒரு இரவு, நிகழ்ச்சி முடிந்த பிறகு, என் தோழி விடுதிக்குப் போகவில்லை. விளம்பரம் பதிவு செய்கிற அறையின் சாவி அவளிடம் இருந்தது. பேஸ் கிட்டார்க்காரியை உள்ளே அழைத்துவந்தாள். மாடி அறையில் மெத்தைக்கு நடுவே பதிவு செய்ததில் குரல் எடுபடவில்லை என்பது அவர்கள் சண்டையில் ஒன்று. நல்ல மைக்கில் பாடினால் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று இரவுகள். நான்காவது நாள் காவலாளி எழுதிவைத்த வருகைப் பதிவேட்டை யாரோ பார்த்துவிட்டார்கள். நிறுவனச் சாதனத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியதாகக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

வேலை போனதைவிடப் பெரிய விஷயம் ஒன்று பிறகு நடந்தது. இரண்டு வாரம் கழித்து லஸ் கார்னரில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர் பண்பலை போட்டிருந்தார். அவள் பெயர் கேட்டது. அதே இரண்டு அசை, அதே இகரம், அதே வணக்கம். குரல் வேறு. யாரோ ஒரு பெண், இன்னும் சின்ன வயது, நிறையச் சிரிப்பு. பெயர் நிலையத்துடையது, அதில் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான்கு வருஷம் ராத்திரி ராத்திரியாக இந்த நகரத்தோடு பேசியவள் போய்விட்டாள், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் "இந்தப் பொண்ணு நல்லா பேசும்" என்றார். எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

பேஸ் கிட்டார்க்காரி என் வீட்டுக்கு வந்து அழுதாள். என்னால்தானே, எனக்காகத்தானே என்றாள். நானும் ஆமாம் என்கிற மாதிரிதான் இருந்தேன். எவ்வளவு பெரிய தியாகம் என்றுகூடச் சொன்னேன். இரண்டு பேருமாக விடுதிக்குப் போனோம். என் தோழி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபத்தை நான் மறக்க மாட்டேன்.

"உனக்காகன்னு யாருடி சொன்னா? எனக்கு அந்தப் பாட்டு வேணும். ஒழுங்கான குரல்ல வேணும். நாலு வருஷமா அடுத்தவங்க கொடுத்த பாட்டைப் போட்டுட்டு இருக்கேன், ஒரு பாட்டாவது எனக்குப் பிடிச்ச மாதிரி கேட்கணும்னு நினைச்சேன். இதுல எங்கேர்ந்து தியாகம் வந்துச்சு?"

என் ஆய்வேட்டின் ஒரு இயல் அந்த விடுதி அறையில் இடிந்து விழுந்தது. ஜான் பீல் யாருக்காகவும் தியாகம் செய்ததாக ஒருவரும் எழுதவில்லை. அவருக்குக் காது இருந்தது, பிடித்ததைப் போட்டார், அதற்கு ரசனை என்று பெயர். அதையே ஒரு பெண் வேலையைப் பணயம் வைத்துச் செய்தால் அவள் நல்ல தோழி. அவளுக்கும் காது இருந்தது, அதில் ஒரு பசி இருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை, தமிழில் முனைவர் பட்டம் வாங்கப்போகிற எனக்கும்.

பிறகு சங்கப் பாட்டுக்குள் திரும்பிப் போனபோது தோழியின் சொற்கள் வேறு மாதிரிக் கேட்டன. தலைவனிடம் அவள் காட்டும் ஏளனத்தில் எவ்வளவு ருசி இருக்கிறது. தினைப்புனத்தைப் பற்றி, மழையைப் பற்றி அவள் பேசும்போது தேவைக்கு மேல் இரண்டு வரி நீள்கிறது. தூது சொல்ல அந்த இரண்டு வரி வேண்டியதில்லை. சொல்ல அவளுக்குப் பிடித்திருக்கிறது. அந்த இயலைத் திருத்தி எழுத எனக்கு ஆறு மாதம் கூடுதலாக ஆனது.

அந்த ஆறு மாதத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்ட இன்னொரு இணை, லண்டனில் இருந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு ராக் இசைக்காரியும். மாதங்கி அருள்பிரகாசம், எல்லோருக்கும் மாயா. 1975-இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போரால் கொஞ்ச காலம் நம் சென்னையிலும் இருந்துவிட்டு, 1986-இல் அகதியாக லண்டன் திரும்பியவர். சினிமாவும் ஓவியமும் படித்தவர். எலாஸ்டிகா என்ற மாற்று ராக் குழுவின் பாடகி ஜஸ்டீன் ஃபிரிஷ்மன் அவருடைய தோழி. 2000-இல் அந்தக் குழுவின் தொகுப்புக்கு மாயா அட்டை வடிவமைத்தார். அவர்கள் பயணம் போனபோது கூடவே போய்ப் படம் பிடித்தார். அந்தப் பயணத்தில் முன்னதாக மேடையேறிக்கொண்டிருந்த பீச்சஸ் என்ற பெண், தாளமும் மெட்டும் அமைக்கிற ரோலண்ட் எம்.சி.-505 என்ற பெட்டியை மாயாவுக்குக் காட்டினார். ஜஸ்டீனிடம் அதே பெட்டி ஒன்று இருந்தது. அதை மாயா வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து தட்டிப் பார்த்ததில் வந்தவைதான் முதல் பாட்டுகள். 2003-இல் வெறும் 500 தட்டுகளாக வந்த 'கலாங்' பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் ஜஸ்டீன் பெயரும் உண்டு. எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த பாடகி அப்படித்தான் உண்டானார்.

ஒரு பெண் காட்டினாள். ஒரு பெண் பெட்டியைக் கொடுத்தாள். ஒரு பெண் பாடினாள். ஆனால் பத்திரிகைகள் அவருடைய முதல் தொகுப்பை ஒரு ஆண் தயாரிப்பாளரின் கைவேலையாக எழுதிக்கொண்டேயிருந்தன. 2007-இல் மாயாவே கோபப்பட்டு அதை மறுக்க வேண்டியிருந்தது. தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அம்மாவின் பெயரில் 'கலா' தொகுப்பு வந்ததும் அதே வருஷம்தான். அதற்காக அவர் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களோடு பதிவு செய்தார். எங்கள் நகரத்து உறுமி உலகமெல்லாம் கேட்டது. நிலையத்தின் கணினியில் அதற்கும் படப் பெயர் இருந்திருக்காது.

இதுவரைக்கும் எழுதியதில் நான் நல்லவளாகத் தெரிகிறேன். அதைச் சரிசெய்ய வேண்டும். 2009-இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தற்காலத் தமிழ்ப் பாடல்கள் பற்றிக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க அழைத்தார்கள். அந்த மூன்று இரவுகளின் பதிவு என் மேஜையில் இருந்தது. 29சி பாட்டைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருந்தது. ஆனால் மேற்கோள் காட்ட நூல் இல்லை, பதிப்பு இல்லை, முன்னாய்வு இல்லை. நான் திரைப்பாடலாசிரியர்கள் மூவரைப் பற்றி எழுதினேன். மூவரும் ஆண்கள். கைதட்டினார்கள். ஆராய்ச்சிக்காரர்களின் கணினியிலும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நானும் விரலை வைத்துக்கொண்டு எந்தப் படம் என்றுதான் கேட்டேன். என் தோழிக்குச் சாவி கையில் இருந்தது, கதவைத் திறந்தாள். எனக்கும் சாவி இருந்தது.

குழு 2010-இல் கலைந்தது. பையன்களில் இருவர் மென்பொருள் வேலைக்கு வெளிநாடு போனார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு பெண் குழந்தை. பேஸ் கிட்டார் பரண் மேல் போனது. என் தோழி விளம்பரங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் குரல் கொடுத்துப் பிழைத்தாள். அவை எதிலும் பெயர் வராது. இருவரும் தினமும் பேசிக்கொள்வது நிற்கவேயில்லை. அந்த டிரம்ஸ் எந்த நொடியில் நிற்கிறது என்ற சண்டையும் முடியவில்லை.

2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளி மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு மூவரும் போனோம். பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அத்தனை ஆண்களுக்கு நடுவில் இசைவாணி வந்து நின்றார். வடசென்னையிலிருந்து வந்த கானாப் பாடகி. ஆண்களுடையது என்றிருந்த பாட்டு வகைக்குள் நுழைந்தவர். இரண்டு வருஷம் கழித்து பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. படப் பெயர் இல்லாத பாட்டுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூவருக்கும் பொறாமையாக இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிக்கொண்டோம். எங்களுக்கு இல்லாத துணிச்சல் அந்தப் பெண்ணிடம் இருந்தது. எங்களுக்கு இருந்த வசதி அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்காது. மாடி அறை, வீணை வகுப்பு, எம்.ஏ. எல்லாம் வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு கணினிக் கட்டத்தின் முன்னால் நின்றுவிட்டோம். திரும்பும்போது அடையாறு போகிற பேருந்தில் பேஸ் கிட்டார்க்காரி சொன்னாள், "வீட்டுக்குப் போனதும் பரண்ல இருந்து எடுக்கணும்கா."

எடுத்தாள். இப்போது அடையாறில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். மாணவிகளே அதிகம். போன வருஷம், தன் மகளை டிரம்ஸில் உட்காரவைத்து 29சி பாட்டை மறுபடியும் பதிவு செய்தாள். மைக்கை வைத்து, ஒலியைச் சரிபார்த்து, மூன்று தடவை நிறுத்தி மறுபடி பாடவைத்தவள் என் தோழி. அந்த நிலையத்தில் அப்போதும் அந்த இகரப் பெயர் பேசிக்கொண்டிருந்தது, எத்தனையாவது பெண்ணோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பதிவு என் கைப்பேசிக்கு வந்தது. மொத்தம் ஒன்பது பேருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று, தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டேன். பாட்டு உடனே தொடங்கவில்லை. முதலில் என் தோழியின் குரல். 2003-இல் கடல் காற்றுக்கு எதிரே உடையாமல் போன அதே குரல், கொஞ்சம் தடித்திருக்கிறது, சிரிப்பு இல்லை. பாடுபவர் பெயர், பேஸ் கிட்டார் வாசிப்பவர் பெயர், டிரம்ஸ் வாசிக்கும் 14 வயதுப் பெண்ணின் பெயர். பிறகு, தேர்ந்தெடுத்து வழங்குபவர் என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி, தன் பெயரைச் சொன்னாள். பழைய பெயரை, அவள் பாட்டி வைத்ததை.